இடப்பக்கம் பார்ப்பவள்

காலை ஒன்பது பத்துக்கு டிரைவர் மேல் ஒரு நீல வேன் ஏறியது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கணினிக்குள் ஓடுகிற வேன். டிரைவர் நின்றுகொண்டிருந்தது மறுவாழ்வு மையத்தின் மூன்றாவது மாடியில், ஒரு ரப்பர் விரிப்பின் மேல். விழாமலிருக்க இடுப்பில் வார். முகத்தில் விஆர் கண்ணாடி. பெயர்தான் கண்ணாடி, பார்க்க டிபன் டப்பாவை முகத்தில் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு தெரு. நடைபாதை, கடைகள், இரண்டு திசையிலும் வண்டிகள். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்தால் உள்ளே நடக்கலாம். தெருவைக் கடந்து எதிரே இருக்கும் தபால் பெட்டியைத் தொட வேண்டும். பயிற்சி அவ்வளவுதான். அவர் பார்ப்பது சுவரிலிருந்த திரையிலும் தெரியும்.

திரை சிவந்து அடங்கியது.

“எங்கிருந்துதான் வந்துச்சோ” என்றார் டிரைவர்.

“இடது பக்கமிருந்து சார்” என்றாள் டாக்டர்.

“ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாம்ல.”

“ரெண்டு தடவை அடிச்சான்.”

அவர் மனைவி இரும்பு மேஜையோரம் நின்றிருந்தாள். கேன்டீனிலிருந்து வாங்கிவந்த இரண்டு பீங்கான் கப்புகளை அப்போதுதான் மேஜைமேல் வைத்திருந்தாள். முதலில் ஒன்று, பிறகு ஒன்று.

“இன்னைக்கு என்னமோ சரியில்லம்மா” என்று டாக்டர் அவளிடம் சொன்னாள். “நீங்க டீ வாங்கப் போன ஆறு நிமிஷமும் அசையாம நின்னாரு. நீங்க உள்ள வந்தீங்க. விறுவிறுன்னு போய் வேன்ல விழுந்துட்டாரு.”

“என்னைப் பாத்த சந்தோஷம்.”

“அவ வந்துட்டாளா? பாக்கவே இல்லையே” என்றார் டிரைவர், டப்பாவுக்குள்ளிருந்து.

அவள் கண்டக்டர். இருபத்தெட்டு வருஷம் அவர் ஓட்டிய பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். இரண்டாம் வருஷம் கல்யாணம் ஆனது. டிப்போவில் அவரை டிரைவர் என்றும் அவளைக் கண்டக்டர் என்றும் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று அப்பா பேர் என்ன என்று கேட்டதற்கு அவள் டிரைவர் என்றாள். அம்மா பேரைக் கேட்காமலே டீச்சர் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் டிரைவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடப்பக்கம்தான் திரும்பவில்லை. பார்வையில் கோளாறு இல்லை. ஆனால் உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. தட்டில் வலது பாதிச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்பார். அவள் தட்டைத் திருப்பி வைப்பாள். “இது எங்க இருந்துச்சு” என்பார். வலது கன்னத்தை மழமழவென்று மழித்துக்கொண்டு, இடது கன்னத்தில் நாலு நாள் தாடியோடு வந்து நிற்பார். இடது தோள் கதவு நிலையில் இடித்தால் கதவைத் திட்டுவார்.

“கண்ணு பாக்குது. மூளைதான் கணக்குல எடுத்துக்க மாட்டேங்குது” என்று முதல் நாளே டாக்டர் விளக்கினாள். அவள் நரம்பியல் உளவியலாளர். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் எப்போதும் ஒரு தாளும் பேனாவும். அதனால் டிரைவர் அவளுக்குச் செக்கரம்மா என்று பெயர் வைத்தார். நடுவழியில் ஏறி எல்லாரிடமும் டிக்கெட்டைக் காட்டு என்கிறவர்தானே செக்கர்.

இனி பஸ் ஓட்ட முடியாது என்பது முடிந்த கதை. அதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். அதோடு சரி. இப்போது பிரச்சினை வேறு. தெருவைத் தனியாகக் கடக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்டக்டருக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்தது. வருகிற திங்கட்கிழமை லீவு முடிகிறது. அவர் பகலில் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு எதிரே பெரிய சாலை. டீக்கடை, முடி வெட்டும் கடை, அவருடைய சகாக்கள் எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம்.

“தாள் கொடுத்தாங்கன்னா அப்பா அங்க இருக்கட்டும். இல்லன்னா சனிக்கிழமை நான் வந்து கூட்டிட்டு வந்துடறேன்” என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் இருப்பது ஒரு நாள் பயண தூரத்தில், பதினோராவது மாடியில். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் டிரைவரும் கண்டக்டரும் ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சை. அன்று செவ்வாய்.

டாக்டருக்கு நம்பிக்கை இருந்தது. முதல் வாரம் டிரைவர் பன்னிரண்டு முறை அடிபட்டார். அப்போது கண்டக்டருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டாம் வாரம் அவள் கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஒன்பது நாள் ஒரு வண்டியும் அவர்மேல் ஏறவில்லை. ஒன்பது தாளிலும் இருபதுக்கு இருபது. நீல வேன்தான் முதல் கரும்புள்ளி.

“நீங்க உக்காருங்கம்மா. இன்னொரு தடவை பாப்போம்” என்றாள் டாக்டர்.

கண்டக்டர் உட்கார்ந்தாள். டிரைவர் தபால் பெட்டியை ஐந்து முறை தொட்டார். ஐந்து முறையும் சட்டை கசங்காமல் போய்ச் சேர்ந்தார்.

“பாத்தீங்களா? அந்த வேன்காரன்தான் குடிச்சிருக்கான்” என்றார்.

பன்னிரண்டரை மணி பஸ்ஸில் திரும்பினார்கள். எங்கே உட்கார்ந்தாலும் அவள் அவருக்கு இடப்பக்கமாக உட்காருவாள். படியில் டிக்கெட் கிழிக்கப் புதிதாகச் சேர்ந்த ஆள் நின்றிருந்தான். நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடிந்ததும் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினான். பஸ் கிளம்பியது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவரின் வலது கால் தரையை அழுத்தியது.

அவர் அப்போது கேன்டீன் டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நிறுத்தம் வந்தது. ஒரு தட்டு. கால் நகர்ந்து பிரேக்குக்குப் போனது. இரண்டு தட்டு. கால் திரும்பி வந்து அழுத்தியது. அவர் சர்க்கரையிலிருந்து பாலுக்குப் போயிருந்தார். கால் செய்வது அவருக்குத் தெரியவில்லை.

கண்டக்டர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாலாவது நிறுத்தத்தில் அவளுக்கு நினைவு வந்தது. இரும்பு மேஜை. முதலில் ஒரு கப். பிறகு ஒரு கப்.

டக், டக்.

மறுநாள் மையத்துக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை, தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் கையைக் குனிந்து பார்த்ததுதான். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கை. வலது கையில் மோதிர விரல் படுகிற இடத்தில் மட்டும் பெயின்ட் உதிர்ந்து, மிளகு அளவுக்கு இரும்பு வெளுத்துத் தெரிந்தது.

கண்ணை மூடுகிற கண்ணாடிதான் அது. காதை மூடாது.

அவர்கள் சேர்ந்து ஓட்டிய முதல் நாள், வண்டி எடுப்பதற்கு முன்னால் டிரைவர் அவளிடம் பேசியது மூன்றே வாக்கியம். டிரைவர் சீட்டு வலப்பக்கம். கதவு இடப்பக்கம். “வலது என்னோடது, இடது உன்னோடது. நீ தட்டாம நான் எடுக்க மாட்டேன். நீ தட்டிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்.” அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு தட்டு தட்டினாள். அவர் சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. பஸ்ஸின் வலப்பக்கத்தில் நாலு கீறல் உண்டு. இடப்பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அதைச் சொல்லிக்காட்டியே அவள் குடும்பத்தை ஓட்டினாள்.

இந்த ஒன்பது நாளும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறாள். இடப்பக்கம் வண்டி வருகிறது. விரல் தானாக ஒரு தட்டு தட்டுகிறது. இடப்பக்கம் காலி. இரண்டு தட்டு. அவர் திரும்பிப் பார்க்காமல் போகிறார்.

இருபதுக்கு இருபது அவளுடைய மதிப்பெண்.

அன்று சாயங்காலம் மகள் பேசினாள். “வெள்ளிக்கிழமை பாஸ் ஆயிடுவாராம்மா?”

“ஆயிடுவார்னுதான் டாக்டர் சொல்றாங்க.”

“நீ என்ன சொல்ற?”

“நான் டாக்டரா?”

போனை வைத்த பிறகு அவள் சமையலறைக்குப் போனாள். விரல் என்னுடையது, அது ஆடினால் நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை தாள் கிடைக்கும். சனிக்கிழமை மகள் வர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சாப்பிடலாம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் எட்டு மைல் தள்ளி ஏதோ ஒரு படியில் நிற்பாள். அவர் டீ குடிக்கக் கிளம்புவார்.

கூடத்தில் டிரைவர் தட்டைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் போடேன்” என்றார். அவள் போய்த் தட்டைத் திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“குளிருதாம்மா? ஏசியைக் குறைக்கட்டுமா?” என்றாள் டாக்டர்.

“வேண்டாம்.”

டிரைவர் வாரைக் கட்டிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “செக்கரம்மா, இன்னைக்கு எத்தனை ட்ரிப்?”

“இருபது சார்.”

“மதியத்துக்குள்ள முடிச்சுடலாம். கண்டக்டர் இருக்காளா?”

“இருக்கேன்.”

“அப்ப சரி.”

தெரு திரையில் வந்தது. டிரைவர் நடைபாதை ஓரத்தில் நின்றார். வலப்பக்கம் பார்த்தார். ஒரு கார் போனது. ஒரு சைக்கிள் போனது. இடப்பக்கமிருந்து ஒரு லாரி போனது. சாலை காலியானது. அவர் நின்றார். மறுபடி வண்டிகள் வந்தன. மறுபடி காலியானது. நின்றார்.

மூன்று நிமிஷம் போனது. கண்டக்டரின் விரல்கள் தொடைக்கு அடியில் புழு மாதிரி நெளிந்தன. அவள் அழுத்தி உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிஷம்.

“சார், போகலையா?”

“போகணும்.”

“ரோடு காலியாத்தான் இருக்கு.”

“இருக்கும்.”

“அப்புறம் என்ன யோசனை?”

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். டப்பாவுக்குக் கீழே வாய் மட்டும் தெரிந்தது. “தெரியலம்மா. இன்னும் நேரம் வரல.”

“யாராவது சொல்லணுமா?”

“அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா வரல.”

ஏழு நிமிஷம் ஆனபோது அவர் லேசாக ஆடத் தொடங்கினார். அந்தப் பக்கமும் போக முடியாமல், திரும்பவும் முடியாமல், ஒரு மனிதர் ஒரு படத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் பேனாவை எடுத்துத் தாளில் எதையோ எழுதப் போனாள்.

“எழுதாதீங்க” என்றாள் கண்டக்டர். கைகளை வெளியே எடுத்தாள். உட்கார்ந்த அழுத்தத்தில் இரண்டும் வெளுத்திருந்தன. “அவர்மேல தப்பில்ல. எங்கிட்ட இருக்கு.”

அவள் நாற்காலிக் கையில் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டினாள்.

டிரைவர் உடனே கிளம்பினார். ஒரு அடி. இரண்டு அடி.

“நில்லுங்க” என்று அவள் ஒரு தட்டு தட்டினாள். நின்றார்.

டாக்டர் அவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். பெயின்ட் உதிர்ந்த இடத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

டிரைவர் கண்ணாடியைத் தாமே கழற்றினார். நெற்றியில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“என்ன இது?”

“நான் தட்டியிருக்கேன். இத்தனை நாளும். எனக்கே தெரியல. செவ்வாய்க்கிழமைதான் தெரிஞ்சுது.”

“அப்ப நான் பாக்கல.”

அவள் மோதிரத்தைத் திருகினாள்.

“நான் பாக்கறேன்னு நெனச்சேனே. ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் போனேன்.”

“அப்படித்தான் இருந்திருக்கும்.”

“லாரி போச்சா இப்ப? இடது பக்கம்?”

“போச்சு.”

டிரைவர் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கண்டக்டருக்கு எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அவர் தலையைத் தூக்கினார்.

“செக்கரம்மா. ஒன்பது நாளா டிக்கெட் எடுக்காம வந்திருக்கேன். எறக்கி விட்ருங்க.”

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோ ஒன்றும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கோப்பைத் திறந்தாள். ஒன்பது தாளிலும் குறுக்காக ஒரு கோடு போட்டாள்.

“தப்பு என்னோடதும்தான் சார். நான் திரையைப் பாத்தேன். ரூமைப் பாக்கல.”

“நீங்களும் ஒரு பக்கம்தான் பாப்பீங்களா?” என்றார் டிரைவர்.

மகளிடம் டாக்டரே பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அம்மா, நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே” என்றாள். அவள் குரல் கோபமா பெருமையா என்று கண்டக்டருக்குப் பிடிபடவில்லை. இன்னும் நாலு வாரம் பொறுங்கள் என்றாள் டாக்டர். பகலில் அவரை மையமே பார்த்துக்கொள்ளும். கண்டக்டர் காலை டூட்டிக்குப் போகிற வழியில் இறக்கிவிட்டு, முடிந்து வருகிறபோது ஏற்றிக்கொள்ளலாம். நாலு வாரத்தில் முடியவில்லை என்றால் மகள் வந்து கூட்டிப் போகட்டும். மகள் சரி என்றாள்.

“கண்டக்டர் இல்லாம எப்படி?” என்றார் டிரைவர்.

“கண்டக்டர் இல்லாமத்தான். ஆனா அவங்க கை வேணும்” என்றாள் டாக்டர்.

அவளுடைய யோசனை இதுதான். தட்டும் சத்தத்தைப் பதிவு செய்து, அந்தக் கணினித் தெருவுக்குள் வைத்துவிடுவது. ஆனால் இனிமேல் அது போகச் சொல்லாது. இடப்பக்கத்தில் தூரத்திலிருந்து கேட்கும். சத்தம் வந்த பக்கம் தலை திரும்பினால்தான் அங்கே என்ன வருகிறது என்று தெரியும். தலை திரும்பப் பழகிவிட்டால் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகலாம். கடைசியில் இல்லாமலே செய்துவிடலாம்.

“இந்த டேபிள்ல தட்டுங்கம்மா” என்று போனை நீட்டினாள்.

கண்டக்டர் தட்டினாள். டிரைவர் உதட்டைப் பிதுக்கினார். “இது கதவைத் தட்டற சத்தம். பஸ் தகரம் வேற.”

அதனால் சனிக்கிழமை காலை டாக்டர் கடைசி நிறுத்தத்துக்கு வந்தாள். பஸ் ஒன்று புறப்பட ஐந்து நிமிஷம் இருந்தது. ஆள் யாரும் ஏறவில்லை. டாக்டர் படியில் ஏறி, உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைத் தகரத்தோரம் நீட்டினாள். கண்டக்டர் கீழே நின்றபடி கையைத் தூக்கி இரண்டு தட்டு தட்டினாள். நல்ல கனமான தட்டு. இருபத்தெட்டு வருஷத் தட்டு.

பஸ் கிளம்பிவிட்டது.

உள்ளே இருந்த ஓட்டுநர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தட்டு கேட்டதும் பேப்பரை மடக்கிப் போட்டு கியரைத் தள்ளியிருந்தார். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் போனோடு அடுத்த நிறுத்தம் வரைக்கும் போனாள். அங்கிருந்து நடந்து திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

“பதிவாயிடுச்சா?” என்றாள் கண்டக்டர்.

“ஆயிடுச்சு. நான் நிறுத்துங்கன்னு கத்தறதும் சேந்து பதிவாயிருக்கு.”

“அதையும் வச்சுடுங்க. அவரு ரசிப்பாரு.”

திங்கட்கிழமையிலிருந்து நாற்காலி காலியாக இருந்தது. கண்டக்டர் வேறு ஒருவர் ஓட்டிய வண்டியில் படியில் நின்றாள். தட்டும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது. மூன்றாவது மாடியில் அதே நேரத்தில் தன் கை தட்டிக்கொண்டிருக்கும். பொறாமை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் தன் புடவை காய்வதைப் பார்த்த மாதிரி இருந்தது.

முதல் வாரம் அவர் பதினான்கு முறை அடிபட்டார்.

“அந்த நீல வேன்காரனுக்கும் எனக்கும் ஏதோ முன்பகை” என்று வீட்டில் சொன்னார். “ஆனா தட்டற பக்கம் திரும்பினா அவன் மூஞ்சி தெரியுது. மீசை வச்சிருக்கான்.”

“நெசமாவா?”

“டப்பாவுக்குள்ள வந்து பாரு.”

இரண்டாம் வாரம் எட்டு முறை. மூன்றாம் வாரம் நடுவில் ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே அவளை உற்றுப் பார்த்தார்.

“உடம்பு சரியில்லையா உனக்கு?”

“நல்லாத்தானே இருக்கேன்.”

“இன்னைக்கு உன் தட்டு சன்னமா இருந்துச்சு. கை வலியோன்னு நெனச்சேன்.”

“அது டாக்டர் குறைக்கறது. நான் இல்ல. அது பொட்டி.”

“தெரியும்” என்றார். கொஞ்சம் கழித்து, “இருந்தாலும் கேட்டுடணும்ல” என்றார்.

அன்றைக்கு அவள் எண்ணெய் தேய்த்து விரல்களை நீவிக்கொண்டாள். வலி ஒன்றும் இல்லை. இருந்தாலும்.

நாலாம் வாரத்தில் டாக்டர் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை. கண்டக்டரிடம் மட்டும் போனில் சொன்னாள். அன்று அவர் தாடையைத் தோள்வரைக்கும் கொண்டுபோய் இடப்பக்கம் பார்த்தாராம். ஒவ்வொரு முறையும். ஒரு வண்டியும் மேலே ஏறவில்லை.

“அவருக்குக் கேக்குதா, இல்லையா?” என்று கண்டக்டர் கேட்டாள்.

“பொட்டிலேர்ந்து வரல. அவருக்குக் கேக்குதான்னு எனக்குத் தெரியாதும்மா.”

வியாழக்கிழமை காலை டிரைவர் குளியலறையிலிருந்து வந்து அவள் முன்னால் நின்றார். இரண்டு கன்னமும் மழித்திருந்தது. இடது கன்னத்தில், காதுக்குக் கீழே, பிளேடு பட்டு ஒரு சின்னக் கீறல். ரத்தம் பொட்டு வைத்த மாதிரி நின்றது.

கண்டக்டர் துணியை நனைத்து ஒற்றினாள்.

“இருபத்தெட்டு வருஷத்துல இடது பக்கம் முதல் கீறல்” என்றாள்.

“உன்கிட்ட இருந்தவரைக்கும் இல்ல” என்றார் டிரைவர். “என்கிட்ட வந்ததும் விழுந்துடுச்சு பாரு.”

அவள் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பரீட்சை மூன்றாவது மாடியில் இல்லை. கண்ணாடிக்குள் நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் தெருதான் சொல்ல வேண்டும் என்றாள் டாக்டர். மையத்துக்கு முன்னாலேயே சாலை இருந்தது. இரண்டு திசையிலும் வண்டிகள். கேன்டீன் எதிர்ப்பக்கம். மூன்று முறை கடக்க வேண்டும். டாக்டர் அவருக்கு ஒரு அடி பின்னால் வருவாள். வண்டி வந்தால் சட்டையைப் பிடித்து இழுப்பாள். ஒரு முறை இழுத்தாலும் தாள் கிடையாது. பேசக் கூடாது. யாரும் எதுவும் சொல்லக் கூடாது.

“நீங்க எதிர்ப்பக்கம் நில்லுங்கம்மா. கண்ணை மூடிக்கறதுன்னா மூடிக்கலாம். கையை என்ன பண்ணப் போறீங்க?”

“அதை நானே யோசிச்சுட்டேன்.”

கண்டக்டர் கேன்டீனுக்குள் போய் இரண்டு டீ வாங்கினாள். விளிம்புவரைக்கும் ஊற்றச் சொன்னாள். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் வந்து நின்றாள். யூனிபாரத்தில் இருந்தாள், டூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். அசைந்தால் சூடாக மேலே கொட்டும். அசையவில்லை.

முதல் முறை டிரைவர் அவளைப் பார்க்கவே இல்லை. வலது, இடது, தோள்வரைக்கும் தாடை. மறுபடி வலது. ஒரு வேன் போகவிட்டு நடந்தார். வந்து அவள் பக்கத்தில் நின்று, டீயை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை மெதுவாக நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். டாக்டரின் கை அவர் சட்டைக்கு ஒரு விரல் தூரத்திலேயே மிதந்தது, தொடவில்லை.

மூன்றாம் முறை.

அவர் எதிரே நடைபாதை ஓரத்தில் வந்து நின்றார். வலது பார்த்தார். இடது பார்த்தார். ஒரு பஸ் போனது. அவளுக்குத் தெரிந்த வண்டிதான். அது போன பிறகு சாலை காலியானது. வலப்பக்கமும் காலி. இடப்பக்கமும் காலி. அவர் இரண்டையும் பார்த்துவிட்டார்; அவர் பார்த்ததை அவள் பார்த்தாள்.

கிளம்பவில்லை.

டீ கப்பின் சூடு விரலில் ஏறியது. மோதிரம் சுட்டது. பீங்கானில் மோதிரம் இடிபடாமல் அவள் பிடியை இறுக்கினாள். தூரத்தில், அவருடைய இடப்பக்கத்துத் திருப்பத்தில், ஒரு வண்டியின் சத்தம் கேட்கத் தொடங்கியது. டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்டக்டர் பார்வையைத் தாழ்த்தி டீயைப் பார்த்துக்கொண்டாள்.

சாலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. கேலிக்குக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என்ன கண்டக்டரே, போலாமா?”